வேர்க்கும் ஊரில் நின்று குளிர் ஜாக்கெட் வாங்குவது எப்படி

எனக்கு ஊர் குத்தாலம் பக்கம். செல்போன் டவர் வேலை. போன வருடம் ஜனவரியில் ஆறு வாரம் லடாக்கில் இருக்கும் லே போகச் சொல்லிவிட்டார்கள். அதுவரை எனக்குத் தெரிந்த குளிர், மார்கழி விடியலில் காதோடு சேர்த்துத் துண்டைக் கட்டிக்கொண்டு டீக்கடையில் நிற்பதுதான். நமக்கு 20 டிகிரி என்றாலே போர்வை தேடுவோம். லேயில் ஜனவரி இரவு மைனஸ் 15 சர்வசாதாரணம்.

அந்தப் பயணத்துக்கு ஆன்லைனில் 3,499 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். முழுத் தண்டம். போன இடத்தில் நடுங்கிப்போய் லே கடைவீதியில் 6,500 கொடுத்து இன்னொன்று வாங்கினேன். உடுப்பு பரவாயில்லை, ஆனால் பில் சரியில்லை என்று கம்பெனி அந்தப் பணத்தைத் தரவில்லை. இந்த வருடம் மறுபடி போக வேண்டி வந்தபோதுதான் ஒழுங்காக விசாரித்து, அளந்து, சோதித்து வாங்கினேன். அந்த முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

லே, கார்கில் பக்கத்துத் திராஸ் என்று வேலைக்குப் போகிறவர்கள், கனடாவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், முக்திநாத், கேதார்நாத் கிளம்பும் பெரியவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும். ஊட்டி, கொடைக்கானலுக்கு இதெல்லாம் வேண்டாம். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

முதலில் ஒரு சொல் விஷயம். நம் கடைகளில் 'புல்ஓவர்' என்று கேட்டால் கம்பளி ஸ்வெட்டரை எடுத்துப் போடுவார்கள். இங்கே புல்ஓவர் என்று நான் சொல்வது உள்ளே பஞ்சோ இறகோ அடைத்து, தலைவழியாகப் போடும் ஜாக்கெட். கழுத்திலிருந்து நெஞ்சு வரை மட்டும் ஜிப் இருக்கும். கடையில் 'ஹாஃப் ஜிப் பஃபர்' என்று கேளுங்கள், ஆன்லைனில் 'அனோரக்' என்றும் போட்டுத் தேடிப் பாருங்கள்.

1. எந்தக் குளிர் என்று முதலில் கேளுங்கள்

'எவ்வளவு குளிர்' என்று எல்லோரும் கேட்கிறார்கள். காய்ந்த குளிரா, ஈரக் குளிரா என்று யாரும் கேட்பதில்லை. ஜாக்கெட்டுக்குள் என்ன அடைத்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதே அதுதான்.

லே, திராஸ் காய்ந்த குளிர். அங்கே விழும் பனி மாவு மாதிரி இருக்கும், உதறினால் போய்விடும். வின்னிபெக் போன்ற கனடா உள்நாட்டு ஊர்களிலும் ஜனவரியில் அப்படித்தான். வான்கூவர், லண்டன் ஈரக் குளிர். மைனஸுக்குப் போகாவிட்டாலும் தூறல் நனைத்துவிடும். கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரம். கோவில் திறந்திருக்கும் மாதங்களில் அங்கே மழையும் வரும், பனியும் வரும். அதை ஈரக் குளிர்க் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

அடுத்தது காற்று. வானிலைச் செயலியில் வெறும் டிகிரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 18. மைனஸ் 20-இல் 30 கிலோமீட்டர் காற்று என்றால் மைனஸ் 33. அந்த நிலையில் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறைந்து புண்ணாகலாம். செயலியில் 'ஃபீல்ஸ் லைக்' என்று இருக்கும் எண்தான் உங்கள் எண்.

மூன்றாவது, அங்கே என்ன செய்யப் போகிறீர்கள்? நடப்பவனுக்கும், நிற்பவனுக்கும், ஏறி இறங்கி வேலை செய்பவனுக்கும் ஒரே ஜாக்கெட் ஆகாது. நான் அரை மணி நேரம் ஏறுவேன், பிறகு மேலே இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து கேபிள் முடிப்பேன். ஏறும்போது வேர்க்கும், உட்கார்ந்தால் அந்த வேர்வையே எமன்.

2. ஜாக்கெட்டுக்கு முன்னால் பனியனை மாற்றுங்கள்

நான் செய்த முதல் தப்பு கடையில் நடக்கவில்லை, வீட்டுக் கொடியில் நடந்தது. வழக்கமாகப் போடும் வெள்ளைக் காட்டன் பனியனைப் போட்டுக்கொண்டு அதன் மேல் தெர்மல் எனும் குளிர் உள்ளாடை, அதன் மேல் ஜாக்கெட். காட்டன் வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். நம் ஊரில் அது சுகம். விசிறிக் காற்று பட்டால் குளுகுளு என்று இருக்கும். மைனஸ் 12-இல் அதே குளுகுளுதான் முதுகில் ஐஸ் கட்டியை வைத்துக் கட்டிய மாதிரி இருந்தது. எத்தனை நல்ல ஜாக்கெட் போட்டாலும் அந்தப் பனியனைக் கழற்றும் வரை சூடு வராது.

ஆக, தோலை ஒட்டி பாலியஸ்டர் தெர்மல் அல்லது மெரினோ கம்பளி. பாலியஸ்டர் தெர்மல் திருப்பூர்ச் சரக்கே நன்றாக இருக்கிறது, மேலும் கீழும் சேர்த்து 800 முதல் 1,500 ரூபாய்க்குள் எனக்குக் கிடைத்தது. ஆனால் 'தெர்மல்' என்று எழுதியிருப்பதில் பாதி காட்டன் கலந்ததாக இருக்கும். லேபிளைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். அதன் மேல் ஒரு ஃப்ளீஸ், அதாவது மெத்தென்ற செயற்கைத் துணியில் தைத்த மேல்சட்டை. இந்த இரண்டையும் முதலில் வாங்கிவிடுங்கள். ஏன் என்பது 5-ஆவது படியில் புரியும்.

3. புல்ஓவரா, முழு ஜிப்பா?

லேயில் கூட வேலை பார்த்த ஒருவர் தலைவழி ஜாக்கெட்தான் போட்டிருந்தார். நான் சிரித்தேன். இரண்டே நாளில் காரணம் தெரிந்தது.

முழு ஜிப் என்றால் கழுத்திலிருந்து இடுப்பு வரை காற்று நுழைய ஒரு கோடு. ஜிப்புக்குப் பின்னால் மடிப்புத்துணி இல்லாவிட்டால் நெஞ்சு நடுவில் கத்தி வைத்த மாதிரி இருக்கும். மேலே சேஃப்டி பெல்ட்டை இறுக்கினால் ஜிப் வயிற்றில் குத்தும், உட்கார்ந்தால் அது வளைந்து வயிற்றுப் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும். தலைவழி ஜாக்கெட்டில் இந்தத் தொல்லை இல்லை. எடையும் கொஞ்சம் குறையும். முன்னால் ஒரே பெரிய பை, இரண்டு பக்கமும் கையை விட்டால் உள்ளே இரண்டு கையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளலாம். கையுறையைக் கழற்றி வேலை பார்க்கிறவனுக்கு அந்தப் பை ஒரு அடுப்பு.

ஆனால் எல்லோருக்கும் இதை நான் சொல்ல மாட்டேன். வேர்த்தால் திறந்துவிட வழி குறைவு. கழற்ற வேண்டுமானால் ஹெல்மெட், கண்ணாடி எல்லாவற்றையும் முதலில் எடுக்க வேண்டும். தோள்பட்டை வலி உள்ள பெரியவர்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் போடவே முடியாது.

பெண்களுக்கு இன்னொன்று. முக்திநாத் போக இருந்த என் சித்தி, என் ஜாக்கெட்டை வீட்டில் போட்டுப் பார்த்தார். பாதி தலை உள்ளே போனதும் ஜிமிக்கி உள்துணியில் மாட்டிக்கொண்டது. மேலும் இழுக்க முடியவில்லை, கீழும் இறக்க முடியவில்லை. உள்ளேயிருந்து "டேய், காது பிய்ஞ்சிடும்டா, இழுக்காதடா" என்று குரல் மட்டும் வருகிறது. "அப்படியே நில்லுங்க சித்தி" என்று சொல்லிவிட்டுத் திருகாணியைத் தடவிக் கழற்றி எடுப்பதற்குள் அவருக்கு வேர்த்து ஊற்றிவிட்டது. கொண்டை, தோடு, கழுத்துச் சங்கிலி எல்லாம் உள்ளவர்களுக்கு முழு ஜிப்பே உத்தமம். சித்திக்கு அதைத்தான் வாங்கினோம்.

தலைவழி ஜாக்கெட் என்று முடிவு செய்தால் ஜிப் நீளத்தைப் பாருங்கள். நெஞ்சுக்குழிக்குக் கீழே வரை இறங்க வேண்டும். வெறும் கழுத்தளவு ஜிப் உள்ளது பார்க்க அழகு, போட்டுக் கழற்றப் பெரும்பாடு. விலாப்பக்கம் இன்னொரு ஜிப் வைத்த மாடல்களும் இருக்கின்றன. கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள்.

4. உள்ளே அடைத்திருப்பது என்ன, எத்தனை கிராம்?

ஜாக்கெட் சூடு கொடுக்காது. உடம்புச் சூட்டைக் காற்றுக்குள் பூட்டி வைக்கும், அவ்வளவுதான். இலவம்பஞ்சுத் தலையணையை வெயிலில் போட்டுத் தட்டினால் எப்படிப் பொங்கி வரும்? அந்தப் பொங்கல்தான் சரக்கு. அமுங்கிப்போன தலையணை எடை குறையாது, ஆனால் உள்ளே காற்று இருக்காது.

அடைப்பில் இரண்டு வகை. ஒன்று டவுன், அதாவது வாத்தின் அடிவயிற்றில் இருக்கும் மென்தூவி. இன்னொன்று செயற்கை நார்.

டவுன் எடைக்கு எடை அதிகச் சூடு, சுருட்டினால் சொம்புக்குள் அடங்கும். நனைந்தால் மட்டும் போச்சு, பிசைந்த சோறு மாதிரி ஒரு மூலையில் திரண்டுவிடும். லேபிளில் 90/10 அல்லது 80/20 என்று இருக்கும். முதல் எண் தூவி, இரண்டாவது இறகு. அப்புறம் 550, 650, 800 என்று ஒரு எண். சுமார் 28 கிராம் தூவி எத்தனை கன அங்குலம் பொங்குகிறது என்பது அதன் கணக்கு. இங்கேதான் பெரிய பொறி. 800 என்று பெரிதாக அச்சடித்துவிட்டு உள்ளே எத்தனை கிராம் என்று சொல்லாமல் விடுவார்கள். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 800 எண்ணில் 100 கிராம் என்றால் 80,000. 600 எண்ணில் 150 கிராம் என்றால் 90,000. விலை குறைந்த இரண்டாவதுதான் சூடு அதிகம், கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். கிராம் சொல்லாத டவுன் ஜாக்கெட்டை நான் வாங்க மாட்டேன்.

செயற்கை நாரில் எண் வேறு விதம். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருப்பார்கள், ஜிஎஸ்எம் என்பார்கள். 60 என்றால் நடந்துகொண்டே இருப்பவருக்கு. 100 என்றால் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிருக்கு, உள்ளே ஃப்ளீஸோடு. நிற்கிற வேலை, மைனஸ் 10-க்குக் கீழே என்றால் 133-க்குக் குறையாமல் பாருங்கள். பிரைமாலாஃப்ட், தின்சுலேட் என்று நாரின் பிராண்டுப் பெயர் போட்டிருந்தால் நல்லது. வெறும் 'பாலிஃபில்' என்றால் தலையணைப் பஞ்சாகவும் இருக்கலாம், ஒரு சீசனில் கட்டி தட்டும்.

ஈரக் குளிருக்கும், வேர்க்கிற வேலைக்கும் செயற்கை நார். காய்ந்த குளிரில் நிற்கவும் உட்காரவும் டவுன். லே காய்ந்த குளிர்தான், ஆனாலும் நான் செயற்கை நாரே எடுத்தேன். ஏறும்போது எனக்கு வேர்க்கும், கிழிந்தால் தூவி பறக்கும், நம் ஊரில் டவுனைத் துவைத்துக் காயவைக்க முடியாது. கடைசிக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

'மைனஸ் 20 வரை தாங்கும்' என்ற அச்சை நம்பாதீர்கள். என் 3,499 ரூபாய் ஜாக்கெட்டில் அது நெஞ்சிலேயே எழுதியிருந்தது. தூங்கும் பைகளுக்கு ஐஎஸ்ஓ 23537 என்று ஒரு சோதனை முறை உண்டு. குளிர்க் கிடங்கு வேலைக்கான உடுப்புகளுக்கு ஈஎன் 342 உண்டு. சாதாரணக் கடை ஜாக்கெட்டில் எழுதும் டிகிரிக்குப் பெரும்பாலும் அப்படிப் பின்பலம் எதுவும் இருக்காது.

5. அளவு: நாம் எல்லோரும் சறுக்கும் இடம்

நம் ஊரில் ஜாக்கெட் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? இரண்டு நிமிடத்தில் கழுத்து வேர்க்கும். 'அடேயப்பா, என்னா சூடு, இதே ஜாஸ்தி' என்று தோன்றும். உடனே மெல்லியதாக, உடம்பைப் பிடித்த மாதிரி ஒன்றை எடுத்துவிடுவோம். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே நின்று நான் செய்தது இதேதான். 32 டிகிரியில் கோணிச்சாக்கு கூடச் சூடாகத்தான் இருக்கும். ஜாக்கெட் விஷயத்தில் காவிரிக்கரை உடம்பு சொல்வதைக் கேட்காதீர்கள், டேப் சொல்வதைக் கேளுங்கள்.

தெர்மல், ஃப்ளீஸ் இரண்டையும் போட்டுக்கொண்டு மார்பளவு எடுங்கள். எனக்கு வெறும் உடம்பில் 96 சென்டிமீட்டர், இரண்டும் போட்டால் 102. ஜாக்கெட்டைத் தரையில் விரித்து அக்குளுக்கு அக்குள் அளந்து இரண்டால் பெருக்குங்கள். அது உங்கள் அளவைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் கூட இருக்க வேண்டும். என் முதல் ஜாக்கெட் 52, அதாவது 104. போட்டதும் பஞ்சு அமுங்கியது, அமுங்கிய தலையணைக் கதைதான். இப்போது வைத்திருப்பது 58, அதாவது 116. எல் போடும் எனக்கு அது எக்ஸ்எக்ஸ்எல் வந்தது. சட்டை அளவை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பெனி எக்ஸ்எல்லும் ஒவ்வொரு அளவு.

நீளம் அதைவிட முக்கியம். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பு தெரிந்தால் வேண்டாம். குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள், முதுகு தெரிந்தால் வேண்டாம். பின்பக்கம் முன்பக்கத்தைவிட நாலு விரல் இறங்கியிருக்கும் மாடல்தான் சரி.

6. கடையில் கை வைத்துப் பார்க்க வேண்டியவை

துணியை வாயில் அழுத்தி வைத்து ஊதுங்கள். மூச்சு தாராளமாக அந்தப் பக்கம் போனால் காற்றும் இந்தப் பக்கம் வரும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக் கசக்கி விடுங்கள். நாலைந்து நொடியில் எழுந்து வர வேண்டும். தையல் கோடுகளை வெளிச்சத்தில் பிடித்தால் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிகிறதா? அந்தக் கோடு முழுக்கப் பஞ்சு இல்லாத இடம், குளிர் அதன் வழியாகத்தான் வரும். உள்ளே தனியாக ஒரு துணி அடுக்கு இருந்தால் பரவாயில்லை.

மணிக்கட்டில் எலாஸ்டிக்கோ வெல்க்ரோவோ இருக்க வேண்டும். இடுப்பில் நாடா இருக்க வேண்டும், அதை ஒற்றைக் கையால் இழுக்க முடிய வேண்டும். குல்லா ஜாக்கெட்டோடு தைத்ததாக இருக்கட்டும். பட்டன் வைத்துக் கழற்றும் குல்லாவில் கழுத்துப் பக்கம் சந்து விழும். ஹெல்மெட் போடும் வேலை என்றால் ஹெல்மெட்டையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.

ஜிப்பின் ரன்னரைக் கையுறையோடு பிடித்து இழுங்கள். பிடி கிடைக்கவில்லை என்றால் அங்கே போனபின் கிடைக்கவே கிடைக்காது. சின்னக் கயிறு கோர்த்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்தேன். தாடைக்குக் கீழே ஜிப் முடியும் இடத்தில் ஒரு மடிப்புத்துணி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூச்சு பட்டு அது உறைந்து தாடையை அறுக்கும்.

மாயவரம், கும்பகோணத்தில் இதையெல்லாம் போட்டுப் பார்க்கும்படி கடை எனக்குக் கிடைக்கவில்லை. மார்கழியில் சாலையோரம் விரிக்கும் ஸ்வெட்டர் கடைகளில் இருப்பது நம் ஊர்ப் பனிக்கு. திருச்சி வரை ஒரு நடை போய் வாருங்கள், மலையேற்றச் சாமான் விற்கும் பெரிய கடைகள் அங்கே உண்டு. அங்கே போட்டுப் பார்த்து அளவைக் குறித்துக்கொண்டு வந்தால் பிறகு ஆன்லைனில் வாங்கினாலும் தப்பாது.

7. குளிருக்கு எங்கே போவது? நாகப்பட்டினத்துக்கு

இந்த யோசனை எனக்கு வந்ததல்ல. நாகையில் மீன் ஏற்றுமதிக் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கும் நண்பன் சொன்னது. "லே வரைக்கும் போய் ஏன் மாப்ள நடுங்குற? இங்க வந்து நடுங்கு" என்றான். உறைந்த இறால் வைக்கும் அறை மைனஸ் 18. லே இரவுக்கு அது அக்கா தங்கை.

ஆன்லைனில் வாங்கிய புது ஜாக்கெட்டை, அட்டையைக் கழற்றாமல், தெர்மல் ஃப்ளீஸோடு போட்டுக்கொண்டு உள்ளே போனேன். கனமான கதவு பின்னால் 'தொப்' என்று மூடியது. மூக்குக்குள் முடி விறைத்து ஒட்டிக்கொண்டது, அதுதான் முதலில் தெரிந்தது. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "மொத அஞ்சு நிமிஷம் எல்லா சட்டையும் நல்லாத்தான் இருக்கும் தம்பி. அந்த ஃபேனுக்குக் கீழ போய் நில்லு. முதுகு சொல்லும்."

நின்றேன். எட்டாவது நிமிடம் இடது மணிக்கட்டு சொன்னது. வெல்க்ரோவைச் சரியாக ஒட்டவில்லை. பத்தாவது நிமிடம் கையைத் தூக்கிப் பெட்டியை மேல் தட்டில் வைக்கச் சொன்னார். இடுப்பு நாடாவை இழுக்காமல் விட்டிருந்தேன், கீழேயிருந்து ஒரு குளிர் முதுகுத்தண்டு வழியாக மேலே ஏறியது. நாடாவை இழுத்துக் கட்டினேன், நின்றுவிட்டது. பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்தேன். நெஞ்சும் முதுகும் சூடாகவே இருந்தன. ஜாக்கெட் தேறியது. அதே இடத்தில் பழைய 3,499-ஐயும் போட்டுப் பார்த்தேன், நாலு நிமிடம் கூட நிற்க முடியவில்லை.

அனுமதி இல்லாமல், தனியாக, இதைச் செய்யாதீர்கள். உள்ளேயிருந்து கதவு திறக்கும் வழியைக் கேட்டுக்கொண்டு, ஆள் துணையோடு, 15 நிமிடத்துக்கு மேல் போகாமல் பாருங்கள். மீன் வாடை ஒட்டும். பாக்கெட் செய்த சரக்கு இருக்கும் அறை என்றால் அவ்வளவாக ஒட்டாது. திருப்பி அனுப்பும் எண்ணம் இருந்தால் வாடைக்குப் பொறுப்பு நீங்கள்தான். கிடங்கில் யாரும் தெரியாது என்றால் ஐஸ் பாக்டரியில் கேட்டுப் பார்க்கலாம். அவ்வளவு குளிர் இருக்காது, இருந்தாலும் எந்தப் பக்கம் காற்று நுழைகிறது என்று தெரிந்துவிடும்.

8. பில், அட்டை, ரிட்டர்ன்

6,500 ரூபாய் போனது இங்கேதான். கம்பெனி குளிர் உடுப்புக்கு 8,000 வரை தருவதாகச் சொல்லியிருந்தது. லே கடையில் கொடுத்த வெள்ளைத்தாள் சீட்டை நீட்டினேன், கணக்குப் பிரிவில் திருப்பி நீட்டினார்கள். வாங்கும் முன் கணக்குப் பிரிவில் மூன்று கேள்வி கேளுங்கள். பில் யார் பெயரில்? கம்பெனி ஜிஎஸ்டி எண் அதில் வர வேண்டுமா? எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும்? ஆன்லைனில் ஜிஎஸ்டி எண்ணை ஆர்டர் போடும்போதே பதிய வேண்டும். பிறகு சேர்க்கச் சொல்லி நான் கெஞ்சியும் நடக்கவில்லை.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு உடுப்பு 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். எம்ஆர்பியில் வரி சேர்ந்தே இருக்கும். ஆனால் 'விலை 2,600, வரி தனி' என்று சொல்லும் கடையில் பில் 3,068 ஆகிவிடும்.

வெளிநாட்டுச் சரக்கு என்றால் அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாடு, எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும். அது ஒன்றும் இல்லாமல் பெரிய பிராண்டு பெயர் மட்டும் தைத்திருந்தால் அது பெரும்பாலும் அந்த பிராண்டாக இருக்காது.

ரிட்டர்ன்தான் கிராமத்துக்காரர்களுக்குத் தலைவலி. பொருளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். திரும்ப எடுக்க மட்டும் 'உங்கள் பின்கோடுக்கு வசதி இல்லை' என்று வரும். முதல் ஜாக்கெட்டைத் திருப்ப முடியாமல் போனது அதனால்தான். இரண்டாவது முறை கும்பகோணத்தில் அத்தை வீட்டு முகவரிக்கு வரவழைத்தேன். ஆர்டர் போடும் முன் ரிட்டர்ன் எத்தனை நாள், வீட்டுக்கு வந்து எடுப்பார்களா, பணமா வெறும் மாற்றுப் பொருளா என்று பாருங்கள். பார்சலைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுங்கள். அட்டையைக் கடைசி வரை கழற்றாதீர்கள். விற்பவர் பதில் சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

9. எப்போது, எவ்வளவு?

ஜனவரியில் பயணம் என்றால் நவம்பர் முதல் வாரத்துக்குள் ஆர்டர் போட்டுவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் கூரியர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அளவு மாற்ற ஒரு சுற்று, பணம் திரும்ப ஒரு வாரம், கிடங்குச் சோதனை ஒரு நாள் என்று கூட்டினால் 45 நாள் கையில் இருக்க வேண்டும். நான் முதல் முறை கிளம்ப 12 நாள் இருக்கும்போது வாங்கினேன், பலன் தெரிந்ததுதான். அவசரம் இல்லாதவர்கள் பிப்ரவரித் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம், ஆனால் பெரிய அளவுகள் அதற்குள் தீர்ந்திருக்கும்.

நான் பார்த்த விலைகள்: சாதாரண பாலியஸ்டர் பஞ்சு 2,000 முதல் 4,000. நல்ல செயற்கை நார், ஹாஃப் ஜிப் 5,000 முதல் 9,000. டவுன் 8,000-த்தில் தொடங்கி மேலே எவ்வளவு வேண்டுமானாலும். நான் கடைசியாக வாங்கியது 7,999. தெர்மல், ஃப்ளீஸ், கையுறை, கம்பளிக் காலுறை எல்லாம் சேர்த்து 13,000-த்தைத் தொட்டது. மொத்தப் பணத்தையும் ஜாக்கெட்டில் கொட்டிவிட்டுக் கையுறைக்கு 150 ரூபாய் ஒதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாலைந்து நாள் சுற்றுலா என்றால் வாங்கவே வேண்டாம். லேயிலும் மணாலியிலும் வாடகைக்குத் தருகிறார்கள். கனடா போகும் பிள்ளைகள் இங்கிருந்து இந்த மாதிரி நடுத்தர ஜாக்கெட் ஒன்றை மட்டும் கொண்டு போங்கள். முழங்கால் வரை வரும் பெரிய கோட்டை அங்கே போய் வாங்குங்கள். இங்கே அதே தரம் கிடைப்பது அரிது, பெட்டியில் பாதி இடத்தையும் தின்னும்.

10. பெட்டியும் பயணமும்

உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ பெட்டி, 7 கிலோ கைப்பை. ஜாக்கெட்டைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லேயில் இறங்கியதும் பெட்டி வரும் வரை காத்திருக்க முடியாது. ஆனால் உழவன் எக்ஸ்பிரஸில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள், சென்னை வருவதற்குள் உள்ளாடை நனைந்துவிடும். பேட்டரி வைத்துச் சூடேறும் ஜாக்கெட் என்றால் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

அங்கே போனபின் இரண்டே விஷயம். ஏறும் முன், நடக்கும் முன் கழுத்து ஜிப்பைத் திறந்துவிடுங்கள். வேர்த்தபின் திறந்து பயனில்லை. அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பு இருந்தால் தள்ளி உட்காருங்கள். ஒரு பொறி பட்டால் நைலான் உருகி ஓட்டை விழும். எனக்கு முழங்கையில் விழுந்தது. நைலான் ஒட்டுத்துணி ஒரு சுருள் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

11. திரும்பி வந்தபின்

டவுன் வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் இங்கே இருக்கிறது. டவுனைத் துவைத்தால் டிரையர் இயந்திரத்தில், டென்னிஸ் பந்து இரண்டைப் போட்டு உருட்டிக் காயவைக்க வேண்டும். நம் ஊரில் எத்தனை வீட்டில் டிரையர் இருக்கிறது? தெரிந்தவர் ஒருவர் ஐப்பசியில் துவைத்துத் தாழ்வாரத்தில் போட்டார். ஆறு நாள் காயவில்லை, கடைசியில் நனைந்த கோழி வாடை. அந்த ஜாக்கெட் அத்தோடு போயிற்று.

செயற்கை நார் என்றால் ஜிப்பை மூடி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்பு நீர் போட்டு அலசுங்கள். வாசனைக்காகப் போடும் கண்டிஷனர் கூடாது, நீர் ஒட்டாத பூச்சு போய்விடும். பிழியாதீர்கள், அமுக்கி நீரை வடியுங்கள். பங்குனி, சித்திரையில் நிழலில் காற்றாட இரண்டு நாள் போதும். நேர்வெயில் நைலானைக் கொன்றுவிடும்.

அதை அதன் சின்னப் பையில் சுருட்டித் திணித்து பீரோவில் வைக்காதீர்கள். பழைய வேட்டியில் தளர்வாக மூட்டை கட்டி மேல்தட்டில் வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம்; அந்த நெடி நாரில் ஏறினால் மூன்று துவைப்பிலும் போகாது. நான் காய்ந்த வேப்பிலையைக் காகிதத்தில் மடித்து வைக்கிறேன். அடைமழை ஆரம்பிக்கும் முன் ஒரு முறை, பொங்கல் முடிந்து ஒரு முறை எடுத்து உதறிப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள், முக்கியமாகக் குல்லா மடிப்பிலும் மணிக்கட்டு எலாஸ்டிக்கிலும்.